பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி, மஞ்சள் துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்தவண்ணம் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். சிவகாசியை அடுத்த நாரணாபுரம் அவள் ஊர். உடன் வந்திருந்த தாயார் பட்டாசு ஆலையில் வேலை முடிந்ததும் நேரே புறப்பட்டு வந்தவர் என்பதை, எவ்வளவு கழுவியும் விரல் இடுக்குகளில் போகாமல் ஒட்டியிருந்த வெள்ளிநிறப் பொடியே சொல்லிற்று. பைக்குள் இருந்தது ஒரு மடிக்கணினி.

“சார், இது செத்துப் போச்சுன்னு கடையிலே சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தணுமாம். அழிக்கலாமான்னு உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தோம்” என்றார் அந்த அம்மாள்.

மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் கண்கள் சிவந்திருந்தன. விசாரித்ததில் விஷயம் தெரிய வந்தது. மடிக்கணினி அவளுடைய அக்காளுக்கு, பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது, அரசாங்கம் இலவசமாக வழங்கியது. அக்காள் பின்னர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள்களுக்குப் படம் அமைக்கும் வேலைக்குப் போனாள். இப்போது மணமாகி வேற்றூரில் இருக்கிறாள். அவள் ஓய்வு நேரங்களில் வரைந்து பழகிய தீப்பெட்டி லேபிள் படங்கள் அனைத்தும் அதற்குள் இருந்தன. தங்கை இரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த பாடக் குறிப்புகளும், கல்லூரி விண்ணப்பத்துக்காகப் படம் பிடித்து வைத்த சான்றிதழ்களும் அதற்குள்தான் இருந்தன. இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. அழித்து ஏற்றுவதற்குக் கடைக்காரர் கேட்ட தொகையோ, தாயாரின் இரண்டு நாள் கூலி.

“அழிக்கலாமா?” என்ற கேள்வி நமக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே கேள்வியை மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான். அவனுடைய யந்திரத்தில் சில எழுத்துக்களை அழுத்தினால் எண்கள் விழுந்தன. ‘ஜே’ என்ற எழுத்தைத் தட்டினால் 1, ‘கே’ என்றால் 2, ‘எல்’ என்றால் 3. நாம் வேறு அலுவலாக இருந்தோம். “கடைக்காரர் சொல்கிறபடி செய்துவிடப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கடையில் ‘ஃபார்மட்’ செய்தார்கள். அவன் அறிவியற் கண்காட்சிக்காக மூன்று மாதம் உழைத்து எழுதியதெல்லாம் போயிற்று. அடுத்த வாரமே ‘ஜே’ மீண்டும் 1 ஆயிற்று! சிறிய மடிக்கணினிகள் பலவற்றில் எண்களுக்கெனத் தனிக் கட்டைகள் இல்லாமையால், ‘நம் லாக்’ என்னும் ஒரு விசையை இயக்கினால் வலப்புறத்து எழுத்துக்களே எண்களாக மாறும்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் அவன் தம்பி விளையாட்டாக அதை அழுத்தியிருக்கிறான். மறுபடியும் ஒருமுறை அழுத்தியிருந்தால் தீர்ந்தது. இதற்காக ஒரு பையனுடைய மூன்று மாதத்தைக் காவு கொடுத்ததில் நமக்கும் பங்குண்டு. அதிலிருந்துதான் நாம் இவ்விஷயத்தைப் பொறுமையாகக் கற்கத் தொடங்கினோம்.

கடைக்காரர்களை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. அழித்து ஏற்றும் வேலையைத் தொடங்கிவிட்டு அவர் வேறு நாலு பேரைக் கவனிக்கலாம்; நோய் இன்னதென்று தேடுவதற்கோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தேடுவதற்குக் கூலி கொடுக்க நம்மில் எவரும் ஆயத்தமாக இல்லை. ஆகவே தலைவலிக்குத் தலையை வெட்டும் வைத்தியம் ஊரெங்கும் நடைபெறுகிறது.

ஒரு வீடு, பல குடித்தனம்

கம்ப்யூட்டரைத் திறந்ததும் நம் முன் தோன்றும் திரையை ‘டெஸ்க்டாப்’, அதாவது மேஜையின் மேற்பரப்பு, என்று அழைக்கிறோம். அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோ என்னும் ஊரில் ஜெராக்ஸ் கம்பெனியார் நடத்திய ஆராய்ச்சிச் சாலையில் உதித்த கற்பனை அது. 1973-இல் அங்கே உருவான ‘ஆல்ட்டோ’ யந்திரத்தில் முளைவிட்டு, 1981-இல் அதே கம்பெனியாரின் ‘ஸ்டார்’ யந்திரத்தில் முழு உருவம் பெற்றது. காகிதம், கோப்புறை, குப்பைத்தொட்டி எல்லாம் குமாஸ்தாவின் மேஜையிலிருந்து எடுத்த உருவகங்களே. 1984-இல் ஆப்பிள் கம்பெனியாரின் மக்கின்டாஷ், 1995-இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 95 ஆகியவை வழியாக அந்த மேஜை உலகெங்கும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது.

மேஜை என்று வைத்துக்கொண்டால், யந்திரம் என்பது வீடு. பழைய நாட்களில் ஒரே வீட்டில் நாலைந்து குடித்தனங்கள் இருக்கும். கூரையும் கிணறும் எல்லாருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனி அறை, அதில் அவரவர் இஷ்டப்படி பாயும் படமும் பெட்டியும். கம்ப்யூட்டரும் அப்படியே. அதை இயக்கும் அடிப்படைச் சாதனம் பொதுக் கூரை. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ‘பயனர் கணக்கு’ உண்டு. எழுத்து எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும், பின்னணிப் படம் எது, விசைப்பலகை தமிழா ஆங்கிலமா, எந்தச் சின்னம் எங்கே நிற்க வேண்டும் என்ற விருப்பங்களெல்லாம் அந்தந்தக் குடித்தனத்தின் அறைக்குள் எழுதி வைக்கப்படுகின்றன. இவற்றுக்கே ‘அமைப்புகள்’ என்று பெயர்.

விண்டோஸில் இந்த எழுத்து முழுவதும் ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பெரிய பதிவேட்டில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் உரிய பகுதி, அவரவர் கோப்புறைக்குள்ளேயே ஒரு மறைவான கோப்பாக அடங்கியிருக்கும். லினக்ஸ் வகையிலோ இவை சிறு சிறு கோப்புகளாகப் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றின் பெயர்கள் புள்ளி வைத்துத் தொடங்கும். புள்ளி வைத்த பெயர்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது எப்படி வந்தது என்பது ஒரு வேடிக்கை. யூனிக்ஸ் என்னும் மூதாதைச் சாதனத்தில், கோப்புப் பட்டியலில் வெறும் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் அநாவசியமாக விழுந்துகொண்டிருந்தனவாம். அவற்றை மறைக்க எண்ணியவர், பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து மறைத்துவிட்டார். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களுமே மறைந்தன. அந்த மறைவில் பிற்காலத்தவர் தங்கள் அமைப்புக் கோப்புகளைக் கொண்டுபோய் ஒளித்து வைத்தனர். யூனிக்ஸ் நிபுணர் ராப் பைக் 2012-இல் இந்த வரலாற்றை எழுதி, ஒரு சோம்பேறித்தனத்தின் விளைவு என்று நொந்துகொண்டார். நம் வீட்டு மேஜை திடீரென்று ஏன் மாறிற்று என்று சாமானியருக்குப் புரியாமற் போவதற்கு இந்த மறைவும் ஒரு காரணம்.

ஆகையால் ஒரு கம்ப்யூட்டர் தகராறு செய்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கெட்டது வீடா, அறையா? ஓர் அறையில் எவரோ பெட்டியைக் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டதற்காக வீட்டையே இடித்துக் கட்டுவாருண்டோ? பழி வீட்டின் மேல், பாவம் பெட்டியினிடத்தில்.

இன்னொரு பெயரில் நுழைந்து பார்த்தல்

மாணவியின் மடிக்கணினிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற யந்திரங்களில் விண்டோஸும் ‘பாஸ்’ என்னும் நம் நாட்டு லினக்ஸும் இரண்டும் சேர்ந்திருந்தன. ‘பாஸ்’, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தாரால் சென்னையில் உருவாகி 2007-இல் வெளிவந்தது. டெபியன் என்னும் உலகப் பொதுவுடைமைச் சாதனத்தின் மேல் கட்டியது. தமிழ் முதலான நம் மொழிகளைப் பேசுவது. விலைக்கு வாங்க வேண்டாதது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கக்கூடியது. அதைப் பலர் ஒருமுறைகூடத் திறந்து பாராமலே விட்டுவிட்டது நமக்கு இன்றும் குறைதான். இந்தப் பெண் அதைத்தான் நாள்தோறும் உபயோகித்து வந்தாள், விண்டோஸ் நத்தையாக ஊர்கிறது என்பதனால்.

திறந்தோம். பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. கொடுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, சாம்பல் நிறப் பக்கம் ஒன்று வந்தது. அதில் முகம் வாடிய கம்ப்யூட்டர்ப் படம். அடியில் ‘ஐயோ, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். வெளியேறுவதற்கு ஒரே ஒரு பொத்தான். வெளியேறினால் மறுபடியும் பெயர், கடவுச்சொல், ‘ஐயோ’. இதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை கால் ஆடாமல் இருக்கும்?

ஆனால் யந்திரம் ‘ஐயோ’ என்று சொல்லும் அளவுக்கு உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அணைத்துவிட்டு, இம்முறை விண்டோஸைத் தேர்ந்து திறந்தோம். நத்தையாக ஊர்ந்தாலும் திறந்தது. ஆக, திரை, விசைப்பலகை, நினைவகம், வட்டு எல்லாம் வேலை செய்கின்றன.

மீண்டும் லினக்ஸ். பெயர் கேட்கும் திரையில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 என்னும் விசையைத் தட்டினோம். மேஜையும் படமும் இல்லாத கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துக்களோடு வந்தது. கம்பி வாயிலாகத் தந்தி அடிப்பதுபோல் கட்டளைகளை எழுத்தாலேயே கொடுக்கும் பழைய வாயில் இது. லினக்ஸில் முன்வாசல் அடைத்துக்கொண்டாலும் இந்தக் கொல்லைப்புறக் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தோம். உள்ளே விட்டது. கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னோம். பாடக் குறிப்புகள், சான்றிதழ்கள், அக்காளின் படங்கள் என்று ஒவ்வொன்றின் பெயரும் வரிசையாக விழுந்தது.

“எல்லாம் இருக்கா சார்?” என்றார் தாயார். இருக்கிறதென்றோம். அவர் அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்தது முக்கியமான சோதனை. அந்தக் கறுப்புத் திரையிலேயே ‘சோதனை’ என்ற பெயரில் புதிய பயனர் ஒருவரைச் சேர்த்தோம். முன்வாசலுக்குத் திரும்பி, அந்தப் புதிய பெயரில் நுழைந்தோம். மேஜை பளிச்சென்று திறந்தது! படம், பட்டை, சின்னங்கள் எல்லாம் முதல் நாள் வாங்கினது போல. மாணவி கைகொட்டிவிட்டாள். வீடு நன்றாக இருக்கிறது. கெட்டது அவளுடைய அறை மட்டும்.

விண்டோஸிலும் இதே சோதனையைச் செய்யலாம். ‘அமைப்புகள்’ பகுதியில் ‘கணக்குகள்’ என்ற தலைப்பின் கீழ் புதிய பயனரைச் சேர்த்து, அவர் பெயரில் நுழைந்து பார்ப்பதுதான் வழி. பத்து நிமிஷ வேலை. புதியவருக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தால், பழையவரின் அமைப்பில் கோளாறு. யந்திரத்தை அழிப்பதற்கு முகாந்திரமே இல்லை. புதியவருக்கும் அதே தகராறு என்றால் கோளாறு பொதுக் கூரையிலோ உறுப்புகளிலோ இருக்கலாம். அப்போது கடைக்குப் போவது நியாயம். வட்டிலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை வந்தாலும், தீய்ந்த வாசனை வந்தாலும் இந்தச் சோதனைகளில் இறங்காமல் உடனே அணைத்துவிட வேண்டும்.

பழையதைக் கொட்டாமல் வைத்தல்

கோப்புகளை முதலில் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டோம். இதைச் செய்யாமல் எந்த வைத்தியத்திலும் இறங்கக் கூடாது. பிறகு மாணவியிடம் கேட்டோம்: “கடைசியாக என்ன மாற்றினாய்?”

“ஒண்ணும் மாத்தலை சார்.”

எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். நாமும் இப்படித்தான் சொல்வோம். பொய் சொல்லவேண்டும் என்றல்ல. மாற்றம் என்று மனத்தில் பதிவதில்லை. மெதுவாகக் கேட்கக் கேட்க வந்தது: வீடியோ ஒன்றில் பார்த்து, மேஜையை அழகு செய்வதற்காக நாலைந்து ‘நீட்சி’களைச் சேர்த்திருக்கிறாள். நீட்சி என்பது மேஜைக்கு மாட்டும் அணிகலன். சின்னங்கள் துள்ளும், கடிகாரம் மினுக்கும். சேர்த்த அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் திறந்தபோதுதான் ‘ஐயோ’.

மேஜையின் பெயர் க்னோம். அது தன் அமைப்புகளையும் நீட்சிகளையும் புள்ளி வைத்த சில கோப்புறைகளில் வைத்திருக்கிறது. ‘டாட் கான்ஃபிக்’, ‘டாட் லோக்கல்’, ‘டாட் கேஷ்’ என்பவை முக்கியமானவை. இன்ன வகைக் கோப்பு இன்ன இடத்தில் என்று 2003-இல் லினக்ஸ் மேஜை அமைப்போர் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவற்றில் சந்தேகத்துக்குரியதை அழித்துவிட்டால் மேஜை புதியதாகத் தானே எழுதிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அழிக்கக் கூடாது, பெயர் மாற்ற வேண்டும். பெயர் மாறியதைக் காணாமல் மேஜை புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பழையதோ பக்கத்தில் பத்திரமாக இருக்கும். தவறாகப் போனால் பழைய பெயரையே திரும்ப வைத்துவிடலாம்.

கறுப்புத் திரையில் தமிழ் தெரியாதாகையால் ஆங்கில எழுத்துக்களிலேயே ‘பழையது’ என்று ‘டாட் கான்ஃபிக்’குக்குப் பெயரிட்டோம். மாணவி அதை உரக்கப் படிக்கவே தாயார் சிரித்துவிட்டார். “பழையதை யாராவது கொட்டுவாங்களா சார்? தண்ணி ஊத்தி மூடி வைக்க வேண்டியதுதானே!” நாம் கால் மணி நேரம் விளக்க முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மேஜை திறந்தது. ஆனால் அவள் ஆசையாக வைத்திருந்த எழுத்தளவும் விசைப்பலகை ஏற்பாடும் பின்னணிப் படமும் போய்விட்டன. அவை ‘பழையது’க்குள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இழக்காமல் குற்றவாளி ஒன்றை மட்டும் பிடிப்பது எப்படி? திருவிழாவில் சீரியல் செட் கட்டுகிறவரைப் பார்த்திருக்கிறோம். ஐம்பது பல்பில் ஒன்று போனால் மாலை முழுவதும் அணைந்துவிடும். அவர் ஒவ்வொரு பல்பாகக் கழற்றிக்கொண்டிரார். நடுவில் சோதிப்பார். இந்தப் பாதியா, அந்தப் பாதியா? பிறகு அந்தப் பாதியில் பாதி. ஐம்பதுக்கு ஆறு சோதனை போதும். அதே முறையை அவளிடம் ஒப்படைத்தோம். முதலில் ‘டாட் கான்ஃபிக்’கைப் பழைய பெயருக்கே திருப்பிவிட்டு, ‘டாட் லோக்கல்’ உள்ளே இருக்கும் நீட்சிகளின் கோப்புறையைப் பெயர் மாற்றினாள். மேஜை திறந்தது, எழுத்தும் படமும் அப்படியே இருந்தன. ஆக, நோய் நீட்சிகளில். அவற்றில் பாதியை உள்ளே விட்டாள், வெளியேறி நுழைந்தாள். மறு பாதி, மறுபடி. மூன்றாவது சுற்றில் பிடிபட்டுவிட்டது, சின்னங்களைத் துள்ளச் செய்யும் நீட்சி. பாஸில் இருந்த க்னோமின் வயதும் அதன் வயதும் ஒத்துவரவில்லை.

இது நாரணாபுரத்துக்கு மட்டும் உரிய கதையன்று. 2024 ஜூலை 19-ஆம் நாள் உலகமெங்கும் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரை காட்டி விழுந்தன. விமான நிலையங்களில், நம் நாட்டிலுங்கூட, பயணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 85 லட்சம் யந்திரங்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அங்கே மாற்றியது பயனர் அல்லர். கிரௌட்ஸ்டிரைக் என்னும் காவற்சாதனக் கம்பெனியார் அனுப்பிய ஓர் அமைப்புக் கோப்பு. ஆனாலும் வைத்தியம் நம் மாணவி செய்ததற்கு அண்ணன் தம்பி. யந்திரத்தைக் குறைந்தபட்ச அமைப்போடு ‘பாதுகாப்பு முறை’யில் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்குவதே. எவரும் 85 லட்சம் யந்திரங்களை அழித்து ஏற்றச் சொல்லவில்லை.

விண்டோஸ் வீட்டில் அடிக்கடி காணும் மாயங்கள்

நேயர்கள் பலர் வீட்டில் இருப்பது விண்டோஸ் என்பதால், நாம் பள்ளியில் கண்ட சிலவற்றைக் கூறுகிறோம். ‘ஷிஃப்ட்’ விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ‘ஒட்டும் விசைகள்’ என்ற ஏற்பாடு விழித்துக்கொள்ளும். வலப்புற ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திக்கொண்டிருந்தால் ‘வடிகட்டும் விசைகள்’ விழித்துக்கொள்ளும். பிறகு தட்டுகிற எழுத்து விழ மறுக்கும், விசைப்பலகை செத்தது என்று தோன்றும். இரண்டும் விரல் வசமில்லாதவர்களுக்கு உதவியாகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடுகள். அவற்றை வையாமல், ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் அணைத்துவிட வேண்டும். சில யந்திரங்களில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு அம்புக்குறி சேர்ந்தால் திரை முழுதும் தலைகீழாகும். ஒரு வீட்டில் மடிக்கணினியைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்து ஒரு வாரம் பயன்படுத்தினார்கள்! மேல்நோக்கிய அம்புடன் அதே இரண்டையும் அழுத்தினால் நிமிர்ந்துவிடும். மேஜையிலுள்ள சின்னங்களெல்லாம் மறைந்தால், வெற்றிடத்தில் வலப்பக்க மௌஸ் பொத்தானை அழுத்தி, ‘காட்சி’ என்பதில் ‘மேஜைச் சின்னங்களைக் காட்டு’ என்ற வரியில் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வகுப்பில் புரொஜெக்டரோடு இணைத்துவிட்டு வந்த யந்திரத்தில், ஒரு நிரலைத் திறந்தால் அது திறந்த அடையாளம் பட்டையில் தெரியும். ஆனால் சாளரம் கண்ணில் படாது. அது இல்லாத இரண்டாம் திரையில் போய் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் விசையும் ஷிஃப்டும் அம்பும் சேர்த்தழுத்தினால் திரும்பி வரும்.

இவற்றைவிடப் பெரிய பயத்தைத் தருவது வேறொன்று. ஒரு நாள் திறந்தால் மேஜை வெறிச்சோடிப் புதியது போல் இருக்கும். ‘தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள்’ என்ற கருத்தில் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். விண்டோஸால் உங்கள் அறையின் பதிவேட்டைப் படிக்க முடியவில்லை. ஆகவே திண்ணையில் ஒரு பாய் போட்டுக் கொடுத்திருக்கிறது. உங்கள் கோப்புகள் ‘சி’ வட்டில் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறையில் உங்கள் பெயரின் கீழ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் கவனிக்க: திண்ணையில் இருக்கும்போது மேஜை மேல் புதிதாக எழுதிச் சேமிப்பதெல்லாம், வெளியேறியவுடன் போய்விடும். முதலில் ஒருமுறை அணைத்துத் திறந்து பார்ப்பதும், தீராவிட்டால் புதிய கணக்கொன்றைச் சேர்த்துக் கோப்புகளை அதற்கு எடுத்துப் போவதும் சாமானியருக்குரிய வழி. இதைப்போலவே ‘ஒன்டிரைவ்’ என்னும் வான்பெட்டகத்தை அணைத்ததும் மேஜை காலியானால், உங்கள் பெயரிலுள்ள ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இன்னொரு ‘டெஸ்க்டாப்’ இருக்கிறதா என்று தேடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய தகராறு ஒன்று தமிழ் எழுத்து. சிவகாசி அச்சகங்களில் இதைக் காணாத நாளே இராது. வாடிக்கைக்காரர் அனுப்பிய காலண்டர் வாசகம் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். கோப்பு கெட்டுவிட்டது என்பார்கள். கெடவில்லை. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் ஆசனத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை அமர்த்தியவை. பாமினி என்ற எழுத்துருவில் எழுதிய ‘அம்மா’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று தோன்றும். அந்த எழுத்துருவை நிறுவினால் அம்மா திரும்பி வந்துவிடுவாள். 1991-இலேயே தமிழுக்கு யூனிகோடில் தனி ஆசனம் கிடைத்தது. அதில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

விசைப்பலகையின் கதையும் அப்படித்தான். பழைய தட்டச்சு முறை, 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த ‘தமிழ்99’ முறை, ஆங்கில ஒலியில் தட்டும் முறை என்று மூன்று ஒரே யந்திரத்தில் இருக்கலாம். விண்டோஸ் விசையோடு இடைவெளிக் கட்டையைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். தட்டெழுத்துத் தேர்வில் தேறிய பெண்ணொருத்தி, ‘எனக்குத் தட்டச்சு மறந்துவிட்டது’ என்று அழுததை நாம் பார்த்திருக்கிறோம். அவளுடைய தம்பி முதல் நாள் மாலை முறையை மாற்றியிருந்தான். அவளுக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருந்திருந்தால், தம்பி மாற்றியது தம்பியின் அறையோடு நின்றிருக்கும். ஒரே யந்திரத்தை நாலு பேர் ஒரே பெயரில் ஆளும் வீடுகளில்தான் மாயங்கள் மிகுதி.

லினக்ஸ் பக்கத்தில் நாம் கண்ட இரண்டு மட்டும். கடவுச்சொல் சரியாயிருந்தும் திரும்பத் திரும்ப நுழைவாயிலுக்கே தள்ளினால், வட்டு நிரம்பி வழிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மேஜை விரிக்க எழுதவேண்டிய சிறு கோப்புக்கே இடமில்லாமற் போயிருக்கும். அல்லது, வீடியோக்களில் சொல்கிறபடி ‘சூடோ’ என்ற முதலாளிக் கட்டளையை முன்னால் போட்டு ஏதேனும் நிரலைத் திறந்ததால், உங்கள் அறைக் கோப்புகள் சில ‘ரூட்’ என்னும் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியிருக்கும். உங்கள் பெட்டிக்கு அவர் பூட்டுப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் கதவு திறக்கும்.

அன்று இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்தது. ‘சோதனை’ என்ற பயனரை நீக்கிவிடலாமா என்று மாணவி கேட்டாள். இருக்கட்டும், அடுத்த முறை உதவும் என்றோம். பென் டிரைவைத் தாயாரிடம் கொடுத்து, அதை மடிக்கணினியோடு ஒரே பையில் வைக்க வேண்டாம் என்று சொன்னோம். அவர் முந்தானையில் முடிந்துகொண்டார்.

கிளம்புவதற்கு முன், “அக்காவோட மயிலைக் காட்டுடி” என்றார். மகள் அந்தக் கோப்பைத் திறந்தாள். தீப்பெட்டி லேபிள் அளவில் ஒரு மயில். கழுத்தில் நீலம் மூன்று சாயையாக இறங்கியிருந்தது, தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக வரைந்திருந்தது. ஒரு கால் மட்டும் இன்னும் வரையப்படவில்லை. கல்யாண வேலையில் விட்டுப்போயிற்று என்றார் தாயார். தீபாவளிக்குப் பெண் வரும்போது முடிக்கச் சொல்ல வேண்டுமாம். பிறகு, கடைசிப் பஸ் போய்விடப் போகிறதென்று இருவரும் விரைந்து படியிறங்கினார்கள்.